கூமுட்டை நாற்றத்தில் உயிர் வாழும் ஆளுயரப் புழு... தெரியுமா?

கோடையில் ராதாபுரம் பக்கத்துக் குளம் ஒன்று வற்றிக்கொண்டு வரும்போது கரையோரச் சேற்றில் கால் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? மேலே பழுப்பு. கணுக்கால் புதைந்தால் கீழே கன்னங்கரேல் என்று இருக்கும். காலை உருவியதும் குப்பென்று கூமுட்டை நாற்றம் கிளம்பி மூக்கைப் பொத்த வைக்கும். அது ஹைட்ரஜன் சல்பைடு வாயு. காற்றுப் புகாத சேற்றில் மட்கும் இலைதழையைத் தின்னும் நுண்ணுயிர்கள் விடுகிற வாயு. அளவு கூடினால் ஆளையே கொன்றுவிடும். கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கியவர்கள் மூச்சடைத்து மாண்டார்கள் என்று செய்தி வருகிறதே, அங்கே அடிக்கடி உயிரை எடுப்பது இந்த வாயுதான்.

இந்த விஷத்தை நம்பியே பிறந்து, வளர்ந்து, ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கிற ஒரு பிராணி இருக்கிறது... தெரியுமா?

அதன் பெயர் ரிஃப்டியா. ஆழ்கடல் குழாய்ப்புழு. பசிபிக் பெருங்கடலில் சுமார் இரண்டரை கிலோமீட்டர் ஆழத்தில், சூரிய வெளிச்சம் ஒரு பொட்டுக்கூட எட்டாத கும்மிருட்டில், கடல் தரை வெடித்து வெந்நீர் கக்கும் இடங்களில் கூட்டம் கூட்டமாக நிற்கும். வெள்ளை வெளேரென்ற குழாய். நண்டு ஓட்டிலும் இறால் ஓட்டிலும் இருக்கும் அதே கைட்டின் பொருளால் ஆனது. குழாயின் வாயிலிருந்து ரத்தச் சிவப்பில் ஒரு குஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். மீனோ நண்டோ உரசினால் சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்ளும். இரண்டு மீட்டர் நீளம் வரை வளரும்.

இத்தனை பெரிய உடம்பில் வாய் கிடையாது. இரைப்பை கிடையாது. குடல் கிடையாது. கழிவு போக வழியும் கிடையாது!

வோட்காவில் ஊறிய அதிசயம்

1977 பிப்ரவரி. தென் அமெரிக்காவுக்கு மேற்கே, கலாபகஸ் தீவுகளுக்குப் பக்கத்தில், 'ஆல்வின்' என்கிற சிறிய நீர்மூழ்கியில் ஆய்வாளர்கள் இறங்கினார்கள். அவர்கள் தேடிப் போனது கடலடி வெந்நீர் ஊற்றை. போனவர்கள் எல்லோரும் பாறையையும் தண்ணீரையும் படித்தவர்கள். குழுவில் ஓர் உயிரியலாளர்கூட இல்லை! அந்த ஆழத்தில் உயிர்கள் கூட்டமாக இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. விளக்கைப் போட்டால் சிப்பிகள், நண்டுகள், சிவப்புக் குஞ்சம் வைத்த புழுக்கள் என்று ஒரு தோட்டமே நிற்கிறது. பிடித்து மேலே கொண்டுவந்தார்கள். பதப்படுத்தி வைக்கக் கப்பலில் போதிய ஃபார்மலின் இல்லை. கையிலிருந்த ரஷ்ய வோட்காவில் போட்டு வைத்தார்கள்.

ஊற்று நீரைப் பிடித்துவந்த குப்பியைக் கப்பலின் ஆய்வறையில் திறந்தபோது என்ன நடந்தது தெரியுமா? கூமுட்டை நாற்றம்! ஓடிப்போய் ஜன்னல்களைத் திறந்துவிட்டார்கள். நம் குளத்துச் சேற்றில் கிளம்புகிற அதே ஹைட்ரஜன் சல்பைடு. விடைக்கான முதல் துப்பு அந்த நாற்றத்திலேயே இருந்தது.

ஆனாலும் புழு எதைத் தின்கிறது என்பது புதிராகவே இருந்தது. 1980-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு வகுப்பு. ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் புழு வல்லுநர் மெரிடித் ஜோன்ஸ் பேசிக்கொண்டிருந்தார். புழுவின் உடலுக்குள் பஞ்சுபோல ஒரு பெரிய உறுப்பு இருப்பதையும், அதில் கந்தகத் துகள்கள் படிந்திருப்பதையும் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த மாணவி கொலீன் கவனாவுக்குப் பொறி தட்டியது. எழுந்து நின்றார். அப்படியானால் அதற்குள் கந்தகத்தை எரித்து வாழும் பாக்டீரியாக்கள் இருந்தாக வேண்டும், அவைதான் புழுவுக்குச் சோறு போடுகின்றன என்று அங்கேயே சொன்னார். ஜோன்ஸிடமிருந்து திசுவை வாங்கி நுண்ணோக்கியில் பார்த்தார். இருந்தன! ஒரு கிராம் திசுவில் பல நூறு கோடி பாக்டீரியாக்கள். 1981-இல் 'சயின்ஸ்' இதழில் அவரது கட்டுரை வந்தது. முனைவர் பட்டம்கூட முடிக்காத ஒரு பெண், வகுப்பில் கேட்ட ஒற்றை வரியைப் பிடித்துக்கொண்டு உயிரியலின் ஒரு கதவையே திறந்தார். இந்தக் கதையை நம் ஊர்ப் பள்ளிகளில் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். வகுப்பில் எழுந்து நின்று பேசுவது எவ்வளவு பெரிய காரியம் என்று அவர்களுக்குப் புரியும்.

விஷம் ஏன் கொல்லவில்லை?

எனக்கு இந்தப் புழுவிடம் ஆகப் பெரிய அதிசயம் அதன் ரத்தம்தான்.

ஹைட்ரஜன் சல்பைடு எப்படிக் கொல்கிறது? நம் செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்துகிற கடைசி இடத்திலேயே போய் அடைத்துக்கொள்கிறது. மூச்சில் காற்று இருந்தும் செல்லுக்கு உதவாமல் போகிறது. புழுவின் செல்களும் அதே மாதிரியானவைதான். ஆனால் அதன் ஹீமோகுளோபின் ஆக்சிஜனை ஓரிடத்திலும் சல்பைடை இன்னோரிடத்திலும் பிடித்துக்கொள்கிறது. இரண்டையும் ஒன்றோடொன்று மோதவிடாமல், வழியில் எந்த செல்லையும் தொடவிடாமல், பாக்டீரியா குடியிருக்கும் உறுப்புவரை பத்திரமாகக் கொண்டுபோய் இறக்கிவிடுகிறது. நம் ஹீமோகுளோபினில் 4 புரதச் சங்கிலிகள். ரிஃப்டியாவின் பெரிய வகை ஹீமோகுளோபினில் 144! அந்தக் குஞ்சத்தின் சிவப்பு முழுக்க முழுக்க இந்த ரத்தச் சிவப்புதான்.

பாக்டீரியா அந்த சல்பைடை ஆக்சிஜனோடு சேர்த்து எரித்து, கிடைக்கும் ஆற்றலில் கார்பன் டை ஆக்சைடிலிருந்து உணவு சமைக்கிறது. செடி வெயிலை வைத்துச் செய்கிற அதே வேலை. கொஞ்சம் உணவு கசிந்து புழுவுக்குப் போகிறது; வயதான பாக்டீரியாக்களைப் புழு உள்ளேயே செரித்தும் கொள்கிறது.

இவை சூரியனைச் சாராத உயிர்கள் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். முழு உண்மை அதுவல்ல. சல்பைடை எரிக்க ஆக்சிஜன் வேண்டுமே! அந்த ஆக்சிஜன் எங்கிருந்து வருகிறது? மேலே வெயிலில் கடல் பாசிகளும் கரையில் செடிகொடிகளும் விட்ட மூச்சுதான் நீரில் கரைந்து, குளிர்ந்து, ஆழத்துக்கு இறங்குகிறது. இரண்டரை கிலோமீட்டர் கீழே இருப்பவனும் சூரியனுக்குக் கடன்பட்டவன்தான்.

இன்னொன்று தெரியுமா? குட்டிப்புழு பிறக்கும்போது அதனிடம் ஒரு பாக்டீரியாகூட இல்லை. தாய் கொடுத்தனுப்புவதில்லை. கையிருப்புக் கொழுப்பை வைத்துக்கொண்டு சுமார் ஐந்து வாரம் வரை நீரோட்டத்தில் மிதந்து போகிறது இளம் உயிர். நல்ல ஊற்று ஒன்றைப் பார்த்துக் குடியேறிய பிறகு, கடல்நீரில் திரியும் பாக்டீரியாக்கள் அதன் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகின்றன. இதை 2006-இல்தான் கண்டுபிடித்தார்கள். அதுவரை வாய் வழியாகத்தான் போகும் என்று நம்பியிருந்தார்கள், ஏனென்றால் குட்டிக்குக் கொஞ்ச காலம் குடல் இருக்கிறது. விருந்தாளி வந்து சேர்ந்ததும் குடல் மறைந்துவிடுகிறது. தோலும் வாசலைச் சாத்திக்கொள்கிறது. புழு செத்தால் உள்ளே இருந்த பாக்டீரியாக்கள் கூட்டமாக வெளியேறி மறுபடி கடலுக்கே போகின்றன, அடுத்த குட்டிக்காக.

கட்டபொம்மன் காலத்துப் புழு

1991-இல் கிழக்குப் பசிபிக்கில் ஓர் எரிமலை கடலடியில் வெடித்து, ஒரு குழாய்ப்புழுக் காட்டையே எரித்து மூடியது. 1992-இல் போய்ப் பார்த்தால் அங்கே ரிஃப்டியா ஒன்றுகூட இல்லை. 1993 டிசம்பரில் போனால் ஒன்றரை மீட்டர் நீளத்தில் நிற்கின்றன! ஆண்டுக்கு 85 சென்டிமீட்டருக்கும் மேல் வளர்ந்திருக்கின்றன. முதுகெலும்பில்லாத கடல் உயிர்களில் இப்படி வேகமாக வளர்ந்ததை வேறெங்கும் பார்த்ததில்லை. அந்த அவசரத்துக்குக் காரணம் உண்டு. வெந்நீர் ஊற்று எப்போது அடைத்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது.

இதன் உறவுக்காரப் புழு ஒன்று மெக்சிகோ வளைகுடாவில் இருக்கிறது, லமெல்லிப்ராக்கியா என்று. அங்கே கடல் தரையிலிருந்து மீத்தேனும் சல்பைடும் குளிர்ந்த கசிவாக, நூற்றாண்டுக் கணக்கில் நிதானமாக வருகின்றன. புழுவுக்கும் அவசரமில்லை. இரண்டு மீட்டர் வளர 170 முதல் 250 ஆண்டுகள்! 1799 அக்டோபரில் கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்களே, அன்றைக்கு உயிரோடு நின்ற புழு இன்றைக்கும் நிற்கக்கூடும். அதே வளைகுடாவின் இன்னொரு இனம் எஸ்கார்பியா 300 ஆண்டுகளையும் தாண்டுகிறது என்று 2017-இல் கணக்கிட்டார்கள். 1760-இல் கட்டபொம்மன் பிறப்பதற்கு முன்பே பிறந்தது என்று அர்த்தம்.

லமெல்லிப்ராக்கியாவின் அடிப்பகுதி வேர்போலச் சேற்றுக்குள் இறங்குகிறது. சல்பைடை அங்கிருந்துதான் உறிஞ்சுகிறது. அதோடு விடவில்லை. பயன்படுத்தி முடித்த கந்தகத்தை சல்பேட்டாக அந்த வேர் வழியே திரும்பச் சேற்றுக்குள் விடுகிறது என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் அதைப் பிடித்து, மீத்தேனோடு சேர்த்து, மறுபடி சல்பைடாக்கித் தருகின்றன. எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதால்தான் இருநூறு ஆண்டு ஓடுகிறது.

மணப்பாட்டுத் திமிங்கிலங்கள் கடலிலேயே மூழ்கியிருந்தால்?

2016 ஜனவரியில் நம் கடற்கரையில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். மணப்பாடு, கல்லாமொழி, ஆலந்தலை என்று வரிசையாக 80-க்கும் மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் கரை ஒதுங்கின. மீனவர்கள் படகில் கட்டி இழுத்துப்போய் விட்டும் பல திரும்பி வந்தன. இறந்தவற்றைக் கரையிலேயே குழி தோண்டிப் புதைத்தார்கள். 1973 ஜனவரியிலும் இதே கடலோரத்தில் 147 ஒதுங்கியிருக்கின்றன.

கரை ஒதுங்காமல் நடுக்கடலில் இறக்கும் திமிங்கிலம் என்ன ஆகும்? மூழ்கித் தரைதட்டும். சுறாவும் மற்ற மீன்களும் சதையைத் தின்றுமுடிக்கும். மிஞ்சிய எலும்புக்கென்றே ஒரு புழு இருக்கிறது! ஒசிடாக்ஸ். குழாய்ப்புழுக் குடும்பமேதான். 2002-இல் கலிபோர்னியாவின் மான்டெரே விரிகுடாவில் 2,891 மீட்டர் ஆழத்தில் கிடந்த ஒரு திமிங்கில எலும்புக்கூட்டில் பார்த்தார்கள். இதற்கும் வாயில்லை, குடலில்லை. அமிலம் சுரந்து எலும்பைக் கரைத்து, பச்சை நிற வேர்களை உள்ளே பரப்புகிறது. வேருக்குள் பாக்டீரியா. எலும்பிலுள்ள சத்து அந்த வழியாகத்தான் புழுவுக்கு வருகிறது.

கண்ணுக்குத் தெரிகிற புழு அத்தனையும் பெண். ஆண்களைத் தேடியபோது பெண்ணின் குழாய்க்குள்ளேயே நுண்ணோக்கியில் மட்டும் தெரிகிற அளவில் டஜன் கணக்கில் குடியிருந்தன. முட்டையில் கிடைத்த மஞ்சள் கருவை வைத்தே அவற்றின் காலம் ஓடிவிடுகிறது.

எவ்வளவு ஆழம்வரை இந்தக் குடும்பம் போகும்? சீன ஆய்வாளர்கள் 'ஃபெண்டோஜே' நீர்மூழ்கியில் வடமேற்குப் பசிபிக்கின் கூரில்–கம்சட்கா பள்ளத்தில் இறங்கி, 9,533 மீட்டர் ஆழத்தில் குழாய்ப்புழுக்களும் சிப்பிகளும் செழித்து நிற்பதைப் படம் பிடித்து, 2025-இல் அறிவித்தார்கள். எவரெஸ்ட் சிகரத்தைத் தூக்கி உள்ளே வைத்தாலும் மூழ்கிவிடும் ஆழம்.

நம் கடலில் இல்லையா?

இருக்கிறது! கோவாவிலுள்ள தேசிய கடலாய்வு நிறுவனத்தார், கிருஷ்ணா–கோதாவரி முகத்துக்கு அப்பால் வங்கக் கடலில், 900 முதல் 1,800 மீட்டர் ஆழத்தில் மீத்தேன் கசியும் இடங்களைக் கண்டு 2019-இல் வெளியிட்டார்கள். தரைக்கு இரண்டு மூன்று மீட்டர் கீழேயே மீத்தேன் பனிக்கட்டியாக உறைந்து கிடக்கிறது. அதன்மேல் வேதி ஆற்றலை நம்பி வாழும் உயிர்க்கூட்டம். இந்தியக் கடல் எல்லைக்குள் இப்படி ஒன்று அகப்பட்டது அதுவே முதல் முறை.

இந்தியப் பெருங்கடலின் நடுவே, ரோட்ரிக்ஸ் தீவுக்குத் தென்கிழக்கே, 'கைரேய்' என்கிற வெந்நீர் ஊற்றுப் பகுதியை 2000-இல் ஜப்பானியர் கண்டார்கள். அடுத்த ஆண்டு அங்கே கிடைத்தது ஒரு நத்தை. காலில் நூற்றுக்கணக்கான செதில்கள், அந்தச் செதில்கள்மேல் இரும்பு சல்பைடு பூச்சு! இரும்புக் கவசம் அணிந்த விலங்கு உலகத்தில் இது ஒன்றுதான். பாக்டீரியாவை உணவுக்குழல் சுரப்பியில் வைத்து வளர்க்கிறது. அதற்கு ரத்தம் அனுப்ப வேண்டியிருப்பதால் உடல் அளவுக்குப் பொருந்தாத பெரிய இதயம்.

2024 டிசம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகமும் கோவாவின் துருவ, கடல் ஆய்வு மையமும் சேர்ந்து, ஆளில்லா நீர்மூழ்கியை அனுப்பி, இந்தியப் பெருங்கடலில் 4,500 மீட்டர் ஆழத்தில் புகை கக்கும் ஊற்றைப் படம் எடுத்தன. அடுத்தது மனிதர்களே போக வேண்டும். 2025 ஆகஸ்டில் பிரான்சின் நீர்மூழ்கியில் ஏறி இரண்டு இந்தியர்கள் 4,025 மீட்டருக்கும் 5,002 மீட்டருக்கும் போய் வந்து பழகியிருக்கிறார்கள். சொந்தமாகச் செய்துகொண்டிருப்பது 'மத்ஸ்யா 6000'. மூன்று பேர் உட்காரும் டைட்டானியம் உருண்டை. சுவரின் தடிமன் 80 மில்லிமீட்டர். 6,000 மீட்டரில் கரையில் இருப்பதைப்போல 600 மடங்கு அழுத்தம். அந்த உருண்டையின் இரு பாதிகளை எலக்ட்ரான் கற்றையால் பற்றவைத்தது இஸ்ரோவின் திரவ உந்து அமைப்பு மையம். 700-க்கும் மேற்பட்ட சோதனைப் பற்றவைப்புகளுக்குப் பிறகு! ராக்கெட் இன்ஜின் சோதனைச் சத்தம் கேட்கும் நம் மகேந்திரகிரி வளாகம் 2014 வரை அந்த மையத்தின் பகுதியாகத்தான் இருந்தது. ஆகாயத்துக்கு அனுப்பக் கற்ற கை ஆழத்துக்கும் உதவுகிறது.

ஆனால் போவது பார்ப்பதற்கு மட்டுமல்ல. ஊற்றைச் சுற்றிச் செம்பும் துத்தநாகமும் தங்கமும் கலந்த சல்பைடுத் தாது மலையாகக் குவிந்திருக்கிறது. அதைத் தேட 2016-இல் இந்தியா சர்வதேசக் கடலடி ஆணையத்தோடு 10,000 சதுர கிலோமீட்டருக்கு 15 ஆண்டு ஒப்பந்தம் போட்டது. 2025-இல் கார்ல்ஸ்பெர்க் முகட்டுக்கு இன்னொரு ஒப்பந்தம். அந்த இரும்புக்கால் நத்தையை 2019-இல் அழியும் ஆபத்திலுள்ள உயிர் என்று உலகப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். ஆழ்கடல் சுரங்கத்தைக் காரணம் காட்டிப் பட்டியலில் ஏறிய முதல் உயிர் அதுதான். தேடட்டும், அளக்கட்டும், படம் எடுக்கட்டும். ஆனால் உயிர் குடியிருக்கும் ஊற்றில் இயந்திரத்தை இறக்கக் கூடாது. அணைந்துபோன பழைய ஊற்றுகளும் இருக்கின்றனவே.

வயலில் குனிந்து பார்க்கலாம்

நீர்மூழ்கி வேண்டாம், கடலுக்கே போக வேண்டாம். இதே கூட்டு வாழ்க்கையைக் கையில் எடுத்துப் பார்க்க வழி இருக்கிறது தெரியுமா?

மானாவாரியில் விதைத்த உளுந்தோ, பாசிப்பயறோ, காணமோ பூக்கத் தொடங்கும் பருவத்தில் ஒரு செடியை மண்ணோடு மெதுவாகத் தோண்டி எடுங்கள். பிடுங்கினால் முடிச்சு அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும். வேரைத் தண்ணீரில் அலசினால் கடுகு அளவில், அதைவிடக் கொஞ்சம் பெரிதாக உருண்டை உருண்டையாக முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பு! ஹீமோகுளோபின் குடும்பத்தைச் சேர்ந்த புரதம், செடிக்குள்ளே! லெக்ஹீமோகுளோபின் என்று பெயர். முடிச்சுக்குள் இருக்கும் ரைசோபியம் பாக்டீரியாவுக்கு மூச்சுவிட ஆக்சிஜன் வேண்டும்; ஆனால் காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக்கும் அதன் நொதிக்கு ஆக்சிஜன் ஆகாது. அளந்து அளந்து கொடுப்பதுதான் இந்தச் சிவப்பின் வேலை. இரண்டரை கிலோமீட்டர் ஆழத்தில் புழுவின் குஞ்சம் எதனால் சிவந்திருக்கிறதோ, அதே சிவப்பு இது.

இங்கேயும் விதைக்குள் பாக்டீரியா இல்லை. ஒவ்வொரு செடியும் முளைத்த பிறகு மண்ணிலிருந்துதான் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் வேளாண் துறையில் தரும் ரைசோபியம் பொட்டலத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து, விதையில் புரட்டி, நிழலில் உலர்த்தி விதைக்கச் சொல்கிறார்கள். வெயிலில் காயப்போட்டால் அத்தனையும் செத்துப்போகும். கீறும்போது சிவப்பாக இருந்தால் முடிச்சு வேலை செய்கிறது. பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் ஓய்ந்துவிட்டது.

இந்த மழைக்கு உங்கள் பக்கத்து வயலில் பயறு விதைத்திருந்தால், உடையவரிடம் கேட்டு ஒரே ஒரு செடியை எடுத்துப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். அவர்களே கீறிப் பார்க்கட்டும்.